ஒன்ராரியோ ஏரிக்கு இரண்டு மூட்டை உப்பு

பத்மநாதன் உயிரோடிருந்த காலத்தில் அவரோடு பஸ்ஸில் போவது சந்திரவதனாவுக்குப் பெரிய சோதனை. பதர்ஸ்ட் வீதியில் பஸ் மேட்டில் ஏறத் தொடங்கினால் போதும், மனுசன் அவளுடைய முழங்கையைப் பிடித்துவிடுவார். "வதனா, இப்ப நாங்கள் கரையேறுறம்!" பஸ்ஸில் இருக்கிற சனமெல்லாம் திரும்பிப் பார்க்கும். அந்த மேடுதான் ஒன்ராரியோ ஏரியின் ஆதிக் கரையாம். அதற்குக் கீழே உள்ள ஊர் முழுக்க, அவர்கள் வந்த புதிதில் கரப்பொத்தான்களோடு குடியிருந்த பார்க்டேல் உட்பட, ஏரியின் அடித்தளமாம்.

"பன்னிரண்டாயிரம் வருசத்துக்கு முந்தி எங்கட குசினியில மீன் நீந்தினது."

"இப்பவும் குசினியில மீன்தான் கிடக்கு. வந்து செதிள் எடுத்துத் தாங்கோ."

யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்த வாய் அது. இங்கே ஒரு கட்டடத்துக்குக் காவல் நின்றபோதும் அந்த வாய் லீவு எடுக்கவில்லை. மலை உயரத்துக்குப் பனி இந்த ஊரின் தலையில் உட்கார்ந்திருந்த கதை. அது உருகியபோது, கிழக்கே ஆற்றுவாயைப் பனியே அடைத்துக்கொண்டு நின்றதால் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கிய கதை. பிறகு அந்த அடைப்பும் உருகி, ஏரி வடிந்து கீழே இறங்கிய கதை. சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றால் பனிமலை கட்டி, பருப்பை ஊற்றி, விரலால் வாய்க்கால் வெட்டிக் காட்டுவார். "கண்டறியாத ஏரி! சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்று அவள் கத்தாத நாளில்லை. பிள்ளைகுட்டியும் இல்லாத வீடு. அவ்வளவையும் கேட்பது அவள் தலையில் எழுதியிருந்தது.

பங்குனிக் கடைசியில் அந்த மனுசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஊருலகத்துக் கதையெல்லாம் கதைத்தவர், போகும்போது மனைவிக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் சந்திரவதனாவுக்கு அழுகைகூட வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அதையும் குறித்துக்கொண்டு போனார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நெருங்கவும் ஒஷாவாவிலிருந்து பத்மநாதனின் தமையன் விநாயகமூர்த்தி வந்து இறங்கினார். கோயில் சபையின் செயலாளர். தண்ணீர் குடிப்பதென்றாலும் தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் குடிக்கிற ஆள். ரிவிப்பெட்டிக்குப் பக்கத்தில் தம்பியின் சாம்பல் பெட்டி இருப்பதைக் கண்டு முகத்தைச் சுளித்தார்.

"ஊரில கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோகேலாது, அங்க ஆமி நிக்கிறான். ஓகஸ்ற்றில எனக்கு லீவு வரேக்க ஹலிபக்ஸ் கடலில கரைப்பன். அதுமட்டும் பெட்டி என்ர கராஜில இருக்கட்டும்."

சந்திரவதனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனி அள்ளுகிற சவளுக்கும் பழைய ரயருக்கும் நடுவிலோ என் மனுசன்? தகனத்துக்கும் அவளை வரவிடவில்லை. இந்த ஊரில் எத்தனையோ பெண்கள் போகிறார்கள்தான், ஆனால் விநாயகமூர்த்தியின் யாப்பு விதிகளில் அதற்கு இடமில்லை. வாசலோடு அவளை மறித்துவிட்டார்கள். இந்தப் பெட்டியையாவது தன் கையால் கரைத்து அனுப்பவேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"ஏன் அண்ணை, இஞ்ச ஏரி கிடக்குத்தானே?"

"ஏரியோ? பிள்ளை, சமுத்திரம் வேணும். உப்புத் தண்ணி."

"இந்த ஏரி வழிஞ்சு சென் லோரன்ஸ் ஆத்தால கடலுக்குத்தான் போகுது. ஒருகாலத்தில கடலே ஒட்டாவா மட்டும் ஏறி வந்தது. அந்தப் பக்கம் திமிங்கில எலும்பெல்லாம் எடுத்திருக்கினம்."

சொன்னபிறகுதான் அவளுக்கே திகைப்பாக இருந்தது. ஒரு காதால் வாங்கி மற்றக் காதால் விட்டேன் என்றல்லவா நினைத்திருந்தாள்! கோதாரி, எல்லாம் உள்ளேதான் கிடந்திருக்கிறது.

"திமிங்கிலம் இருக்கட்டும், உப்பு இருக்கோ?"

"உப்புத்தான் குறையெண்டால் போட்டாப் போச்சு!"

கோபத்தில் சொன்ன பேச்சு. செயலாளர் அதைப் பிரேரணையாக எடுத்துக்கொண்டார். உடனே ஐயருக்கு ரெலிபோன். ஐயருக்கு அன்றைக்கு இரண்டு கலியாணமும் ஒரு வீடுகுடிபூரலும். "சேர்க்கலாம், பேஷாச் சேர்க்கலாம்" என்று வைத்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் விட்டுவிட்டார், செயலாளர்தான் விடவில்லை. கறியுப்புக் காணாதாம், மூட்டைக் கணக்கில் வேண்டுமாம்.

அந்தியேட்டி அன்று காலை பக்கத்து வீட்டு பஸ்ரியன் தன் வான் வண்டியைக் கொண்டுவந்தார். குருநகரில் கடலோடு பிறந்து வளர்ந்த கிறிஸ்தவ வேதக்காரர். பின்சீற்றில் கிடந்த மூட்டைகளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பனி உருகுவதற்கு வாசலில் தூவுகிற நீல உப்பு.

"அண்ணை, மாரி முழுக்க றோட்டில கொட்டுற உப்பு உருகி உந்த ஏரிக்குத்தானே போகுது. நீங்கள் ரெண்டு மூட்டை போட்டே கடலாக்கப் போறியள்?"

"ஐயர் சொன்னவர்" என்றார் விநாயகமூர்த்தி. அதோடு விவாதம் முடிந்தது.

ஸ்காபரோவில் ஏரிக்கரையோடு மண்மலை கத்தியால் வெட்டிவிட்டதுபோல நிற்கிறதே, அதன் அடியில் வானை நிறுத்தினார்கள். "பொம்பிளையள் வானுக்குள்ள இருங்கோ" என்று பன்மையில் உத்தரவு போட்டார் விநாயகமூர்த்தி. இருந்தது ஒரே ஒரு பொம்பிளை. சந்திரவதனா மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு கண்ணாடியால் பார்த்தாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, மூட்டையைக் கிழித்துத் தண்ணீர் விளிம்பில் கொட்டினார். ஏதோ தீன் என்று நினைத்துக் கடற்காகங்கள் கூட்டமாக இறங்கி, கொத்திப் பார்த்துவிட்டு அவரையே திட்டின. இரண்டாவது மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் கால் வைத்தார். வைகாசி பிறந்து என்ன, ஏரிக்கு இன்னும் பனியின் குணம் போகவில்லை. முழங்கால் நனையமுதல் "ஐயோ அம்மா!" என்று மூட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கரையேறினார்.

"கால் விறைச்சுப் போச்சு! ஒருத்தரும் இறங்கேலாது. ஹலிபக்ஸ்தான்!"

வான் கதவு திறந்தது. சந்திரவதனா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி நேரே நடந்தாள்.

"பிள்ளை! எங்க போறாய்? பஸ்ரியன், மறியும்!"

"நீங்களும் போறியளில்லை, போற அவவையும் விடுறியளில்லை. என்ன மனுசனப்பா நீங்கள்?" என்றார் பஸ்ரியன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தண்ணீர் ஊசியாகக் குத்தியது. குத்தட்டும் என்று இடுப்பளவு போனாள். பெட்டியைத் திறந்து கையால் அள்ளி அள்ளி விட்டாள். மாவுபோல் இருக்கும் என்று நினைத்திருந்தாள், ஆனால் அரிசிக் குறுணிபோல நறநறத்தது. கொஞ்சம் மிதந்து, கொஞ்சம் தாழ்ந்து, எல்லாம் போனது. வெறும் பெட்டியை ஒருமுறை அலசினாள். செய்ய நினைத்ததைச் செய்து முடித்தாயிற்று.

திரும்பும்போது அந்த மண்மலை முழுதாகக் கண்ணில் பட்டது. அடியில் சாம்பல் நிறக் களி, மேலே மஞ்சள் மணல், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு மெல்லிய கோடு நெடுக ஓடியது.

"இஞ்சேருங்கோ, அதென்ன நடுவில ஒரு கறுப்புக் கோடு?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டாள்.

இந்த ஏரியைப் பற்றி அவள் தன் மனுசனிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதில் வரும் என்று இடுப்பளவு குளிரில் நின்று பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.