அத்தானின் தொலைபேசி எண்

துஷ்யந்தியின் சுயவிபரத்தில் அஸீபா முதலில் அழித்தது சமயத்தை. பிறகு தகப்பனின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பாடசாலை வலைப்பந்து அணித் தலைவி, மறைக்கல்விப் போட்டியில் மறைமாவட்ட மட்டத்தில் இரண்டாமிடம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து போயின. பக்கத்துக் கதிரையில் இருந்த துஷ்யந்திக்கு அந்த இரண்டாமிடத்தையாவது விட்டிருக்கலாம் என்று பட்டது. அதற்காக ஒரு தவக்காலம் முழுக்க விவிலியத்தைப் பாடமாக்கியவள் அவள்.

"இதெல்லாம் கலியாணத்துக்குக் குடுக்கிற விபரம். வேலைக்கு நீ என்ன செஞ்சாயெண்டு எழுதணும்," என்றாள் அஸீபா.

அஸீபா எருக்கலம்பிட்டிக்காரி. மன்னார் நகரில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறாள். இருவரும் ஒரே கணினி வகுப்பில் படித்தவர்கள். துஷ்யந்தி பேசாலையில் இருக்கிறாள். கடற்தொழில் குடும்பங்களுக்கான வட்ஸ்அப் குழு ஒன்றை நாலைந்து வருடமாக நடத்துகிறாள். காற்று எப்படி, இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா, நண்டு என்ன விலை என்பதெல்லாம் அதில்தான். ஊரில் பாதிப்பேர் அதில் இருக்கிறார்கள், மீதிப்பேர் அதைப் பக்கத்து வீட்டில் பார்க்கிறார்கள்.

கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம், வீட்டிலிருந்து பொருள் விற்கிறவர்களுக்காகச் செயலி ஒன்று நடத்துகிறது. அதன் தமிழ்க் குழுவைப் பார்த்துக்கொள்ள ஒரு சமூக முகாமையாளர் வேண்டுமாம். கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், சண்டையை விலக்க வேண்டும், பொய்யர்களைப் பிடிக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். இழுவைப் படகுகள் கணவன் டிலக்‌ஷனின் வலைகளை அறுத்துக்கொண்டு போனபிறகு துஷ்யந்தியின் கடவுச்சீட்டு குவைத்துக்கு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் கிடக்கிறது. இந்த வேலை கிடைத்தால் அதைத் திருப்பி எடுக்கலாம். தரம் நான்கு படிக்கும் மகளுக்குத் தானே தலை பின்னிவிடலாம். அவளுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

இதற்கு முன்பும் ஓர் இடத்துக்கு எழுதிப்போட்டவள்தான். எங்கள் பக்கத்தில் யார் வேலைக்குச் சுயவிபரம் எழுதினாலும் கடைசியில் பங்குத்தந்தையின் பெயரையும் அதிபரின் பெயரையும் போடுவது வழக்கம். முஸ்லிம்கள் என்றால் மௌலவி. அந்த நிறுவனம் பாதருக்கு உண்மையாகவே தொலைபேசி எடுத்தது. பாதர் மனம் நிறைந்து சொன்னாராம்: "ஒழுங்காய்ப் பூசைக்கு வாற பிள்ளை. ஒரு சண்டை சச்சரவுக்கும் போகமாட்டா." சண்டைக்கு நடுவில் போய் நிற்பதற்குத்தான் அவர்கள் ஆள் தேடினார்கள். அதோடு சரி.

புதிய விளம்பரம் வேறுமாதிரி இருந்தது. நீங்கள் நடத்திய குழுவிலிருந்தே ஒருவரின் எண்ணைத் தரவும். பதவியில் உள்ளவர் வேண்டாம். உங்கள் முடிவொன்றால் கோபப்பட்டவராக இருந்தால் நல்லது.

அஸீபா திரும்பிப் பார்த்தாள். "உன்மேல யாருக்குக் கோவம்?"

துஷ்யந்தி யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

போன மாரியில் வாடைக்காற்று எழும்பிய ஒரு காலை, ஊர்க்காரன் றொசாந்தனும் இன்னொருவரும் போன படகு கரைக்குத் திரும்பவில்லை. டிலக்‌ஷனின் அண்ணன் யேசுதாசன் எங்கோ அரைகுறையாகக் கேட்டதை வைத்துக்கொண்டு குழுவில் குரல்பதிவு போட்டார். படகு கவிழ்ந்துவிட்டது, தலைமன்னார்ப் பக்கம் சவம் கரையேறிவிட்டது என்று. மனிதர் அழுதுகொண்டே சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். கோயில் மணி அடிக்கிற யாகப்பரும் குழுவில் இருந்தார். அவர் பாதரைக்கூடக் கேட்காமல் போய்த் துக்கமணியை அடித்துவிட்டார். மணி கேட்டபிறகு பேசாலையில் ஆர் விசாரிப்பார்கள்? றொசாந்தனின் மனைவி மண்ணில் புரண்டாள். வீட்டு முன்னால் பந்தல் போடத் தடி வந்திறங்கியது.

துஷ்யந்தி குழுவில் வேறு யாரும் எழுத முடியாதபடி பூட்டினாள். தலைமன்னாரில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் எடுத்தாள். கடைசியில் இறங்குதுறைப் பக்கம் கடை வைத்திருக்கும் தாவூது, இயந்திரம் நின்று கரையொதுங்கிய இரண்டு பேர் தன் கடை வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்றார். றொசாந்தனையே பேசவைத்து அந்தக் குரலைக் குழுவில் போட்டாள். அடுத்து யேசுதாசனை நீக்கினாள். தகப்பனை இழந்த கணவனுக்குத் தகப்பன் இடத்தில் நின்று தங்கள் கலியாணத்தை நடத்தியவரை அவள் ஊர் பார்க்க வெளியே தள்ளினாள். அதன்பிறகு அவர் இவர்கள் வாசலை மிதிக்கவில்லை. கோயிலில் நடந்த மகளின் முதல் நன்மை விழாவுக்கும் வரவில்லை. செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அவருக்கென்று போட்ட கதிரை அன்றைக்கு வெறுமையாகக் கிடந்தது அவளுக்கு வலித்தது.

அஸீபா தட்டிமுடித்து வாசித்தாள்: பொய்ச்செய்தி பரவியபோது குழுவை நிறுத்தி, உண்மையை உறுதிசெய்து, பரப்பிய உறுப்பினரை நீக்கினேன்.

"அவர் என்ர கணவரின் அண்ணன் எண்டும் போடு."

"சொந்தக்காரரெண்டா ஏத்துக்க மாட்டாங்களே."

"மறைச்சா நானும் பொய்தானே சொல்லுறன். போடு."

பின்னேரம் அவள் கரைக்குப் போனாள். யேசுதாசன் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அத்தான், உங்கட நம்பரை ஒரு வேலைக்குக் குடுக்கப்போறன். கொழும்பில இருந்து எடுப்பினம்."

"பாதரிட்டக் கேளன்."

"பாதருக்கு என்னில கோவம் இல்லை."

அவர் கை நின்றது. "என்ன கேப்பினம்?"

"உங்களை ஏன் ரிமூவ் பண்ணினனான் எண்டு."

"நான் உள்ளதைத்தான் சொல்லுவன். ஒரு வார்த்தை எனக்கு எடுத்துச் சொல்லேல்லை நீ. ஊர் சிரிக்க வைச்சனி. அதையும் சொல்லுவன்."

"சொல்லுங்கோ."

"வேலை கிடைக்காட்டி?"

"குவைத்துக்குப் போறன்."

அவர் அடுத்த நண்டின் காலைப் பிடித்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் எண்ணை அனுப்பினாள்.

அடுத்த கிழமை டிலக்‌ஷனுக்குச் சாப்பாட்டைக் கரைக்குக் கொண்டுபோனபோது, பத்தடி தள்ளி நின்ற யேசுதாசனின் போன் அடித்தது. அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு எடுத்தார். "ஓம், யேசுதாசன்தான்." துஷ்யந்தியை ஒருதரம் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கணவனிடம் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை.

காற்று அவர் குரலை அங்குமிங்குமாகக் கொண்டுவந்தது. தம்பிட மனுசி என்பது கேட்டது. இன்னும் கோவம்தான் என்பது தெளிவாகவே கேட்டது. பிறகு போனைக் காதில் அழுத்திக் கேட்டுக்கொண்டு நடந்தார். மற்றப் பக்கம் எதையோ நீளமாகக் கேட்டிருக்க வேண்டும். திடீரென்று அவர் சத்தம் போட்டார்.

"நல்ல பிள்ளையோ எண்டு என்னைக் கேக்காதீங்கோ, தங்கச்சி. அண்டைக்கு அந்தப் போட்டில நான் இருந்து, என்ர மனுசி கரையில நிண்டிருந்தா, இவள்தான் தேடிப்பிடிச்சிருப்பாள்..."

அலை விழுந்து மீதியை அடித்துக்கொண்டு போனது. அவர் நிற்கவில்லை. பேசிக்கொண்டே முழங்கால் தண்ணிக்குள் இறங்கி, இடுப்பளவுக்குப் போனார். சாரம் நனைந்து தண்ணியில் விரிந்து மிதந்தது. போனை மட்டும் நனையவிடாமல் காதோடு உயர்த்திப் பிடித்தபடி, கரைக்கு முதுகைக் காட்டி அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.