கம்பிக்குக் கீழே சுத்தம்

கிராஞ்சியில் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும் மின்கம்பிகளில் பறவைகள் அடிபட்டுச் சாகின்றனவா என்று பார்த்துச் சொல்வதுதான் ஆஸ்மாவின் வேலை. சாகின்றன என்று அவள் எழுதினால் கம்பி நெடுக ஆரஞ்சு வளையங்கள் தொங்கும். பறவைகள் தூரத்திலேயே பார்த்து விலகிப் போகும். இல்லை என்று எழுதினால் ஒன்றும் தொங்காது. வாரா வாரம், முன்கூட்டியே போன் செய்து அனுமதி வாங்கிக்கொண்டு போய், புல்லை விலக்கி விலக்கித் தேடினாள். வலசைப் பருவம் முழுக்க ஓர் இறகுகூடச் சிக்கவில்லை. ஆபத்து குறைவு என்று சந்தோஷமாகவே எழுதி முடித்தாள்.

அந்த வாரமே, அங்கே மறந்துவிட்டு வந்த தொப்பியை எடுக்க, சொல்லாமல் கொள்ளாமல் போனாள். துப்புரவு மேற்பார்வையாளர் மருதப்பன் கறுப்புப் பையில் எதையோ திணித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சிறகு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணே இது?"

"கொக்கு மேடம். கம்பில அடிச்சு விழுந்துடும். வழக்கமா நீங்க வர்ற நாள் நாளைக்குத்தானே, அதான் இன்னிக்கே க்ளியர் பண்றோம்."

"எப்பவுமே இப்படித்தானா?"

"ஆமா லா. செக் பண்ண வர்றவங்க கண்ணுல அசிங்கம் படலாமா? எங்க கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு."

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. இந்த ஊரில் யாராவது பார்க்க வருகிறார்கள் என்றாலே பெருக்கித் தள்ளிவிடுவார்கள்; எதைப் பார்க்க வருகிறார்கள் என்று யார் கேட்கிறார்கள்? அவளும்தான் சொல்லவில்லை. தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

அன்றைக்கே ஜாலான் புசாரில், இரும்புக்கடைக்கு மேலே இருந்த தன் அலுவலகத்துக்குப் போனாள். முதலாளி இளமாறன் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டாலே பயப்பட வேண்டும்.

"ரிப்போர்ட் தப்பு இளமாறன். அடுத்த சீசன் திரும்பப் பார்க்கணும்."

"இன்னொரு சீசனா? கிளையன்ட் சிரிப்பான். நீ டென்ஷன் ஆகாத, நான் பாத்துக்கறேன்."

"அப்ப என் பேரைப் போடாதீங்க."

"சரி, எடுத்துடறேன்."

எடுத்தும் விட்டார், அதில் மட்டும் மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. கிளையன்ட்டுக்கு அவர் அனுப்பிய அறிக்கையை அவள் திறந்து பார்த்தாள். ஆபத்து குறைவு என்ற வரி அப்படியே இருந்தது. வளையங்கள் தேவையில்லை என்றிருந்தது. பரிந்துரைகளில் மட்டும் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்: கம்பிக்குக் கீழே வாரம் ஒருமுறை நடக்கும் துப்புரவை இனி தினமும் செய்யலாம்.