வஸ்லா

அச்சுக்கடையில் நிதால், தான் வரைந்த சின்னத்தைக் காட்டக் கணினித் திரையை அந்த இரு பெண்கள் பக்கம் திருப்பினான். ஒரு குழாய், அதன் வாயிலிருந்து சொட்டும் நீர், அதில் மலர்ந்த ஓர் இளஞ்சிவப்புப் பூ. உம்மு ஸுஹைப் சற்று நேரம் அதைப் பார்த்தாள்.

“பூ எதுக்குத் தம்பி?”

“பொம்பளைங்க நடத்துற கம்பெனின்னு தெரிய வேணாமா, காலா?” சித்தி என்று பொருள்படும் அந்தச் சொல்லால்தான் அவளை அழைப்பான்.

“அடைப்பு எடுக்க வர்றவ பூவோடயா வருவா?” என்றாள் அவளுடைய கூட்டாளி அபீர். “பூச்செண்டு விக்கிறோம்னு நெனச்சுப் போன் பண்ணுவாங்க.”

பகலில் ஆண்கள் இல்லாத வீட்டுக்குள் வேற்று ஆணை விட இர்பித் நகரத்தில் பெண்கள் தயங்குவார்கள். அதனால் குழாய் உடைந்தால் மாலைவரை வாளியை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். குழாய் வேலை படித்த இந்த இருவருக்கும் அந்தக் காத்திருப்புதான் தொழிலைக் கொடுத்தது. மூன்று வருடம் வாய்வழியாகவே அழைப்புகள் வந்தன. இப்போது நிறுவனமாகப் பதிந்தாகிவிட்டது. பெயர் வஸ்லா. இரண்டு குழாய்களைச் சேர்க்கும் இணைப்பையும் அப்படித்தான் சொல்வார்கள், மனிதர்களுக்கு இடையிலான தொடர்பையும் அப்படித்தான்.

நிதால் பூவை அழித்தான். அன்று மாலை முழுக்க அந்தப் பெயரின் முதல் அரபு எழுத்தான ‘வாவ்’ என்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். உருண்டைத் தலை, கீழே வளைந்து போகும் வால். வாலைக் கொஞ்சம் தடிமனாக்கினால் வளைந்த குழாய். தலைக்குள் இருக்கும் வெற்றிடத்தைக் கூராக்கினால் ஒரு சொட்டு. ஒரே நிறம், நீலம். நகத்தளவு சுருக்கிப் பார்த்தான். அப்போதும் தெரிந்தது. முகவரி அட்டையில் தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போட்டான். தண்ணீர் பொங்கும் சமையலறையில் நிற்பவள் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டாள். எண்ணுக்கு மேலே ‘உம்மு ஸுஹைப்’ என்று இட்டு அவளுக்கு அனுப்பினான். ‘அழகா இருக்கு’ என்று பதில் வந்தது.

மறுநாள் வங்கிச் சீருடைச் சட்டையில் ஓர் இளைஞன் வந்து நின்றான். ஸுஹைப்.

“அட்டையில என் பேரு வேணாம்.”

“அது உங்கம்மா பேருங்க.”

“ஸுஹைபோட அம்மான்னுதானே போட்டிருக்கு? அடுத்த மாசம் எனக்குப் பொண்ணு கேட்டுப் போறோம். அந்த வீட்டுச் சாக்கடையவே எங்கம்மா குத்தி எடுத்திருக்காங்க. நாளைக்கு இந்த அட்டை அங்கயும் கெடக்கும்.” குரலைத் தாழ்த்தினான். “நான் வந்தேன்னு சொல்லாதீங்க. எடம் பத்தலைன்னு சொல்லிடுங்க.”

அவள் மாலையில் வந்தபோது நிதால் ஏலக்காய்க் காப்பியை ஊற்றிக் கொடுத்தான். அட்டை கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது, பெயரை எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

“ஸுஹைப் வந்தானா?”

நிதால் திரையில் ஏதோ ஒரு கோட்டை இழுத்து நகர்த்தினான். அவள் காப்பியைக் கடைசிவரை குடித்தாள். கோபமோ அழுகையோ வரும் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, அங்கே படிந்திருந்த ஈர வட்டத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

“அவன் பேர அவனுக்கே குடுத்துடு. ருவைதான்னு போடு.”

“யாரு ருவைதா?”

“நான்தான்.”

அவன் தட்டினான். பிறகு கேட்டான், “வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா, காலா? பொம்பளப் பேரு, போன் நம்பரோட...”

“சொல்லுவாங்க. எங்கம்மா போனப்புறம் யாரும் கூப்பிடாத பேரு. போடு. நம்பர் அளவுக்கே பெருசாப் போடு.”

“அவ்வளவு பெருசாப் போட்டா ரெண்டும் கண்ணுல நிக்காது. கொஞ்சம் சின்னதா, ஆனா அழுத்தமாப் போடறேன்.”

“சரி, அழுத்தமா.”

அட்டைகள் வந்த நாளன்று அவளை அழைத்துப்போக மகனே வண்டியுடன் வந்து தெருவுக்கு எதிரே நின்றான், கடைக்குள் வரவில்லை. அவள் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு பெட்டியை அக்குளில் இடுக்கியபடி சாலையைக் கடந்தாள். நிதால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றான். அவள் வண்டியில் ஏறவில்லை. ஓட்டுநர் பக்கச் சன்னல் வழியே அட்டையை நீட்டினாள். ஸுஹைப் வாங்கிப் படித்தான். மூன்றே வரிகள்தான், நெடுநேரம் படித்தான். பின்னால் ஒரு வேன் ஒலியெழுப்பியது, மறுபடியும் எழுப்பியது. அவள் வெளியே நின்றுகொண்டே இருந்தாள், கை சன்னல் விளிம்பில். அவன் அட்டையைப் பையிலும் போடவில்லை, திருப்பியும் கொடுக்கவில்லை. திசைமாற்றி வளையத்தோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தான், அந்த நீல எழுத்து மட்டும் வெளியே தெரிய.