சலேத்தம்மாள் ஊற்றிய தண்ணீர்

"மறுபடியும் ஊத்துங்க சாமி. அவ கைத் தண்ணியை எம் பேத்தி தலையில வெச்சுக்கிட்டு நான் எப்படி ஊருக்குள்ள நடமாடறது?"

சவரியப்பன் இதைச் சொல்லிவிட்டு, அலறிய போனை எடுத்து லாரிக்காரனைத் தெலுங்கில் அதட்டி வைத்தார். பர்கூர்ப் பக்கம் அவருக்குக் கல் குவாரி இருந்தது. கோயில் பீடத்துக் கறுப்புக் கல் அவர் கொடுத்தது. அந்தப் பீடத்தில் பூசை வைக்கிற பங்குச்சாமியார் அமல்தாஸ், சோபா நுனியில் உட்கார்ந்து காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

மருமகள் ரெஜினா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றாள். பேச்சு அவள் குழந்தையைப் பற்றியதுதான். ஆனால் இன்னும் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடந்தது இதுதான். கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரெஜினாவுக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். மறுநாள் காலை குழந்தை நீலம் பாரித்தது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். மாமியார் சாப்பாடு எடுத்துவரப் போயிருந்தாள். புருஷன் விமல்ராஜ் ஓசூர் கம்பெனியில் ஷிப்டில் இருந்தான். அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்த சலேத்தம்மாள் மட்டும்தான் மிச்சம். அவளும் அதே பங்குக் கோயில்தான். ஆனால் காலனிக்காரி.

"அக்கா, புள்ள போயிரும் போலக்குது! ஞானஸ்நானத் தண்ணி ஊத்துங்கக்கா!" என்று கட்டிலில் இருந்தபடி ரெஜினா கதறினாள்.

"நானாம்மா? உங்க மாமனாருக்குத் தெரிஞ்சா..."

"அக்கா!"

சலேத்தம்மாள் மாப்பைச் சுவரில் சாய்த்தாள். கையைக் கழுவினாள். "பேரு?" என்றாள். உங்க வாயில வர்றதை வையுங்க என்றாள் ரெஜினா. பாட்டில் தண்ணீர் குழந்தையின் உச்சியில் மூன்று முறை விழுந்தது. "ஆக்னஸ், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." பினாயில் வாடை அடிக்கும் கை. அதற்குள் டாக்டர் வந்தார், ஆக்சிஜன் வைத்தார், குழந்தை பிழைத்தது. சந்தோஷத்தில் ரெஜினா எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். அவன் அம்மாவிடம் சொன்னான். அப்புறம் வீட்டில் யாருக்கும் சந்தோஷம் இல்லை.

ஃபாதர் தொண்டையைச் செருமினார். "ஐயா, சாமியார்தான் ஊத்தணும்னு இல்லைங்க. சாகக் கெடக்கிற புள்ளைக்கு யார் ஊத்தினாலும் செல்லும். ஊத்தறதுதான் மனுசங்க கை, மீட்பைக் குடுக்கிறவர் கிறிஸ்து. ஒருதரம் குடுத்தா குடுத்ததுதான். திரும்ப ஊத்தினா அது பாவம்."

"அப்ப அவளையே பீடத்துல நிறுத்திப் பூசை வெக்கச் சொல்லுங்க. நாங்க எதுக்கு வர்றது?"

ஞானஸ்நானம் வாங்கிய எல்லாருமே குருக்கள்தான் என்று ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலத்தில் பிரசங்கம் வைத்தவர் இதே ஃபாதர்தான். அன்று சவரியப்பன்கூடத் தலையாட்டினார். பிரசங்கத்துக்குத் தலையாட்டுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஃபாதரே ஒரு வழி கண்டுபிடித்தார். "ஒழுங்கா நடந்துச்சான்னு சந்தேகம் இருந்தா, 'நீ இன்னும் ஞானஸ்நானம் பெறாதிருந்தால்'னு ஒரு வார்த்தை சேத்து ஊத்தலாம். சட்டத்துல எடமிருக்குது. ஏம்மா ரெஜினா, அந்தம்மா வார்த்தையைச் சரியாச் சொன்னாங்களா? நீங்க கேட்டீங்களா?"

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. கேட்காமல் என்ன? ஒவ்வொரு எழுத்தும் காதில் இருந்தது. மாமனாரைப் பார்த்தாள். பக்கத்துச் சோபாவில் இருந்த புருஷனைப் பார்த்தாள், அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மயக்கத்துல இருந்தேன் ஃபாதர். அந்தம்மா சொன்னது சரியாக் கேக்கல."

ஃபாதர் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரிந்தது. கிறிஸ்துவைத் தெரியாதென்று பேதுரு மறுதலித்தபோது சேவலாவது கூவியது. இங்கே சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

ஞானஸ்நான அழைப்பிதழில் ஹரிணி என்று பெயர் அச்சானது. பெங்களூர் நாத்தனார்தான் ஞானத்தாய். ரெஜினா குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம், தலையில் தண்ணீர் விடும் நேரம் கை தானாக நின்றது. உயிர் போகிற நேரத்தில் அக்கா. உயிர் வந்த பிறகு அந்தம்மா. தன்னை நினைக்க அவளுக்கே கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறது, இதனால் யாருக்கு என்ன கெட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், கோயில் குழாயடியில் சலேத்தம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கலாங்களா? திரும்ப ஊத்தப் போறாங்கன்னாங்க. நான் வார்த்தையைத் தப்பாச் சொல்லிட்டனா?"

ரெஜினா குழாயைத் திறந்தாள், மூடினாள்.

"கோவமில்லைங்கம்மா. உங்க புள்ளைக்கு இன்னிக்குச் சாமியாரு ஊத்திருவாரு, சரியாப் போயிரும். எம் பையனுக்குத்தான்..." அவள் முந்தானையை இழுத்துப் பிடித்தாள். "பொறந்து ஒரு பொழுதுகூட இருக்கலைங்க. அவனுக்கும் நான்தான் ஊத்தினேன். இதே வார்த்தைதான். அது தப்புன்னா அவன் எங்கம்மா இருப்பான்? மோட்சத்துல இருக்கிறான்னுதான் இத்தினி வருசமா தைரியமா இருந்தேன். சாமியாரைக் கேட்டேன். 'பாப்போம்மா'ன்னுட்டுப் போயிட்டாரு."

மணி அடித்தது. சலேத்தம்மாள் பதிலுக்குக் காத்திருக்காமல் தன் இடத்துக்குப் போனாள். ரெஜினா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுச் சண்டையைத் தவிர்க்கச் சொன்ன ஒரு பொய், முகம் தெரியாத ஒரு குழந்தையை மோட்சத்திலிருந்து இழுத்துக் கீழே போட்டிருக்கிறது. அதன் தாய் இவளிடமே வந்து, தன் தப்பா என்று கேட்கிறாள்.

சடங்கு கோயில் வாசலில் தொடங்குவதுதான் முறை. ஃபாதர் வெள்ளி ஜாடியோடு வந்தார். மைக்கைப் பெற்றோர் பக்கம் நீட்டினார்.

"இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் இட்டிருக்கிறீர்கள்?"

"ஹரி..." என்று விமல்ராஜ் ஆரம்பித்தான்.

"ஆக்னஸ்," என்றாள் ரெஜினா. "சலேத்தக்கா வெச்ச பேரு."

சவரியப்பன் கழுத்தைத் திருப்பினார். ஃபாதர் அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினார்.

"திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?"

"ஒண்ணும் கேக்கல ஃபாதர். ஞானஸ்நானத்தை அக்கா குடுத்துட்டாங்க. நான் அன்னிக்கு முழிச்சுத்தான் இருந்தேன். வார்த்தை ஒண்ணுவிடாமக் கேட்டேன். உங்ககிட்டச் சொன்னது பொய்."

ஃபாதர் சட்டென்று மைக்கை அணைத்தார். "ரெஜினா, அப்பறம் பேசிக்கலாம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"திரும்ப ஊத்தினா பாவம்னு நீங்கதான சொன்னீங்க? ஊத்தறதுன்னா ஊத்துங்க. ஆனா அக்கா சொன்ன வார்த்தையில தப்பில்லைன்னு மொதல்ல அவங்ககிட்டச் சொல்லிட்டு ஊத்துங்க."

ஃபாதர் ஜாடியைக் கீழே வைக்கவுமில்லை, தூக்கவுமில்லை. பீடத்துப் பக்க முன்வரிசைக்காரர்களுக்கு மைக் நின்ற பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என்ன, என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். காலனிக்காரர்களுக்கென்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்திருந்த இடம் கதவோரக் கடைசி வரிசை. அவர்களுக்கு எல்லாமே கேட்டது.

அந்த வரிசையில் சலேத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மகன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.