வெளுத்துப்போன பச்சை வளையக்காரி

போன வாரம் வரை மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்திருந்த ஒருத்தி, பத்தே நாளில் வெளுத்துப்போய் நின்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? சாப்பாடு போதவில்லை என்றுதானே?

ரைமொந்தோவும் அப்படித்தான் நினைத்தார். இத்தாலியில் காக்லியாரி நகருக்கு வெளியே ஒரு பழைய உப்பளத்தில் அவர் மதகுக்காரர். அங்கே உப்பு எடுப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. இப்போது கடல் தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் பூநாரைகளுக்காகத்தான். போன வருஷம் மழை கொட்டித் தண்ணீரில் உப்பு குறைந்தது. சிவப்பு இறால் செத்தது. அதைத் தின்று நிறம் ஏறவேண்டிய பறவைகள் ஏறாமல், ஜோடி சேராமல், ஒரு முட்டைகூட இடாமல் போய்விட்டன. கூடாக வேண்டிய மண்மேடுகள் காலியாகக் கிடந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். இன்னொரு வருஷம் அதைப் பார்க்க அவரால் முடியாது.

இந்த வசந்தத்தில் எல்லாம் கூடி வந்தது. பறவைகள் வாலடியில் ஊறும் எண்ணெயைக் கன்னத்தால் தொட்டுத் தொட்டுக் கழுத்தெல்லாம் பூசிச் சிவந்தன. உப்பளத்தின் நடுவிலுள்ள தீவில் கூடு கட்டி உட்கார்ந்தன. ஜூன் பாதியில் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் காலில் பச்சை வளையம் போட்டவள்.

"மதகை அடைச்சிடறேன். வெயில்ல தண்ணி சுண்டினா உப்பு ஏறும், இறால் பெருகும்" என்றார், சனிக்கிழமை பறவை எண்ண வந்த பொனாரியாவிடம். அவள் அவருடைய மனைவியின் தங்கை.

"தண்ணி சுண்டினா நாய் நடந்தே தீவுக்குப் போயிடும் மாமா. சும்மா இருங்க."

"பட்டினி கெடந்து கூட்டை விட்டுட்டுப் போனா?"

"உங்களுக்குத்தான் உக்கார முடியல. அதுங்க உக்காந்துதான் இருக்கு."

அவள் போனதும் அடைத்துவிட்டார். அதன் பிறகும் நிம்மதி இல்லை. கரையில் நடந்தார். தண்ணீர் அளவுகோலைப் பார்த்தார். ரொட்டியைப் பிட்டு வாயில் போடாமலே மறுபடி நடந்தார். மூன்று நாளில் தீவைச் சுற்றிச் சேறு தெரிந்தது. பறவைகள் இன்னும் வெளுத்தன.

செவ்வாய் சாயங்காலம் பொனாரியா வந்தாள். சேற்றைப் பார்த்தாள். தொலைநோக்கியில் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, இங்க வாங்க."

பச்சை வளையக்காரியின் சிறகுக்கடியிலிருந்து ஒரு சாம்பல் தலை நீண்டிருந்தது. அதன் வாயில் அவள் அலகிலிருந்து சிவப்பாக ஒழுகியது.

"ஐயோ, ரத்தம்!"

"ரத்தமில்ல, பால். தொண்டையில சுரக்கிறது. உடம்புச் சாயமெல்லாம் அதுல போவுது. பூசிக்கவும் நேரமில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி மணிக்கணக்கா கண்ணாடி முன்னாடி நின்ன எங்கக்கா, மூத்தவன் பொறந்தப்புறம் தலை வாரினாளா?"

ரைமொந்தோவுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்க்கரையில் ஒரு நாய், மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்துகொண்டு நின்றது.

"ஓடுங்க மாமா!"

ஓடினார். மதகின் துருப்பிடித்த சக்கரத்தை இருவரும் சேர்ந்து தொங்கித் திருப்பினார்கள். கடல் உள்ளே வந்தது, ஆனால் மெதுவாக வந்தது.

மறுநாள் காலை தீவைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. நாயின் கால்தடம் கரையிலிருந்து பத்தடி வரை சேற்றில் போய்த் திரும்பியிருந்தது. பொனாரியா நாற்பத்தொரு குஞ்சுகள் எண்ணினாள்.