லேஞ்சிக்குள் அடையாள அட்டை

ஊரில் பாலேஸ்வரிக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். புருஷனின் செத்தவீட்டிலேயே அழாதவள். கழுத்துக் கழலை புற்றுநோய் என்றபோதும், போரில் தரைப்பாதை மூடிக் கிடந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாகக் கப்பலேறிக் கொழும்புக்கு ஒப்பரேசனுக்கு வந்தபோதும் அழவில்லை. கனடாவிலிருந்து மகன் கேட்டால், "எனக்கென்ன குறை? சுகமா இருக்கிறன்" என்பாள்.

ஒப்பரேசனுக்குப் பிறகு, புற்று வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க அயடீன் மருந்து குடிக்கக் கொடுத்தார்கள். புற்று இருக்கும் இடத்தில் அது போய் ஒட்டிக்கொண்டு ஸ்கேனில் கறுப்பாகத் தெரியுமாம். மருந்தில் கதிர்வீச்சு இருப்பதால், ஸ்கேன் எடுக்கும்வரை ஒருவரோடும் நெருங்கக் கூடாது. வெள்ளவத்தையில் அவள் வாடகைக்கு இருந்த அறை வாசலில், வீட்டுக்காரி மெய்யம்மை சாப்பாட்டை வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவாள். அந்த ஓடுகிற சத்தத்தைத்தான் பாலேஸ்வரியால் தாங்க முடியவில்லை.

ஸ்கேன் நாளில், "மேல்ல உள்ள சாமானெல்லாம் கழட்டிட்டுப் படுங்க" என்றார் மெசினை இயக்கும் மக்கீன். காப்பையும் தோட்டையும் கழற்றினாள். லேஞ்சிக் கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்திருந்த அடையாள அட்டையை மட்டும் எடுக்கவில்லை. வழியெல்லாம் சோதனைச்சாவடி, அது தொலைந்தால் பொலிஸ் நிலையம்தான் கதி. துணைக்கு ஆளிருந்தால் கொடுத்திருக்கலாம். யாரிடம் கொடுப்பது?

படத்தில் இடது மார்பில் ஒரு கறுப்புப் புள்ளி. மக்கீனின் முகம் மாறிப்போனது. நுரையீரலுக்குப் பரவிவிட்டது, கொள்ளி வைக்கவும் பக்கத்தில் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

டொக்டர் வந்து படத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மக்கீன் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

"உடுப்புக்குள்ள என்ன சரி வெச்சீக்கிறீங்களா?"

லேஞ்சியை எடுத்துக் கொடுத்தாள்.

"இதால கண்ணத் தொடச்சீங்களா? அழுதீங்களா? கண்ணீர்லயும் அந்த மருந்து வருமாம். படத்துல நோய் மாதிரியே தெரியுமாம்."

"இல்லை" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அழவில்லையென்றால் அது நோயாகிவிடுமே!

"ஓம்... அழுதனான். அந்த அறைக்குள்ள இருந்து நெடுக அழுதனான்."

லேஞ்சி இல்லாமல் மறுபடி எடுத்தார்கள். புள்ளியைக் காணோம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மக்கீன். டொக்டர் சிரித்தார். வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: அழுதீங்களா என்று இதுவரை ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.

அன்று பின்னேரம் மகன் அழைத்தான்.

"நோய் ஒண்டும் இல்லையாம், ராசா."

"எனக்குத் தெரியும் அம்மா, நீங்க எதுக்கும் கலங்காத ஆள். சரி, வைக்கிறன்."

"வையாதை," என்றாள் பாலேஸ்வரி. "நான் அழுதனான்."

அவன் வைக்கவில்லை.