ஆறு மாதப் படுக்கை

தன் உடம்பைப் பற்றிக் கூடிய கூட்டத்துக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்ததும் அவள்தான். கணவரும், வீட்டோடு இருக்கும் அவருடைய அக்காவும், கல்லூரியில் படிக்கும் மகனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனாருக்குச் சர்க்கரை போதவில்லை என்று மறுபடி உள்ளே போய் வந்தாள்.

மார்பில் இருந்த கட்டியை ஆரம்பத்திலேயே எடுத்தாகிவிட்டது. கதிர்வீச்சும் மாத்திரையும் உண்டு, அதில் பேச்சில்லை. நரம்பில் ஏற்றும் கடுமையான மருந்தும் வேண்டுமா என்பதுதான் கேள்வி. அவளுக்கு வந்திருக்கும் வகைக்கு அதனால் கூடுதல் பலன் கொஞ்சம்தான், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. ஏற்றிக்கொண்டால் ஆறு மாதம் ஓய்வு வேண்டும் என்றும் சொன்னார். அவளிடம் கேட்டதை வீடு தன்னிடம் கேட்டதாக எடுத்துக்கொண்டது.

போன வருடம் கணவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தபோது யாரும் இப்படிக் கூடி யோசிக்கவில்லை. அவர் மல்லாந்து படுத்துக்கொண்டார், இவள் லீவு போட்டாள், அவ்வளவுதான். இப்போதோ மூவருக்கும் ஒரே நாளில் ஞானம் பிறந்திருந்தது. உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்றார் முழங்கால் வலிக்கு டாக்டர் மேல் டாக்டராக மாற்றிய நாத்தனார். முடி கொட்டிவிடுமே என்று மகன் வருத்தப்பட்டான். அம்மா தலையை அவன் நிமிர்ந்து பார்த்தே நாளாயிற்று.

"உன்னக் கஷ்டப்படுத்த எனக்கு மனசு வரல," என்றார் கணவர். அதே மூச்சில், "ஆறு மாசம் வீடு என்னாகும்னும் பாக்கணும்ல?"

அவளுக்கும் அந்த மருந்து வேண்டாம் என்றுதான் பாதி மனம். அவள் செயற்கைப் பல் செய்கிறவள். மெழுகில் பல்லை இழைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத மேட்டை விரல் நுனிதான் காட்டிக்கொடுக்கும். அந்த மருந்தால் சிலருக்கு விரல் மரத்துப்போகுமாம். சிலருக்கு உணர்ச்சி திரும்புவதே இல்லையாம். விரலா, பயமில்லாத தூக்கமா என்று ஒரு வாரமாக மனசுக்குள் தராசு பிடித்துக்கொண்டிருந்தாள். தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள். கேட்காததால் சிரிப்பு வந்தது. முடிவும் கூடவே வந்தது.

"சரி, மருந்து வேணாம்."

மூன்று பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நாத்தனார் பிஸ்கட்டை எடுத்தார்.

"ஆனா அந்த ஆறு மாச ஓய்வு எனக்கு வேணும். வேலைக்குப் போவேன், வந்து படுப்பேன். சமையல், துணி, உங்க காலுக்குத் தைலம் தேய்க்கிறது, ஒண்ணும் கிடையாது அண்ணி."

பிஸ்கட் பாதி வழியில் நின்றது. நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினார்.

"எப்படியும் சும்மா படுக்கத்தான் போறாளாம். அப்போ அந்த மருந்தையும் ஏத்திட்டாத்தான் என்னடா? இப்பல்லாம் அவ்வளவு கஷ்டமில்லையாமே."

தம்பியும் அதில் நியாயம் இருப்பதாகத் தலையாட்டினார்.

"வேணாம்னு சொன்னது உங்க சமையலுக்காக இல்ல அண்ணி," என்றாள் அவள் எழுந்துகொண்டே. "என் விரலுக்காக."

"விரலுக்கு என்ன?" என்று கேட்டார் கணவர், அந்தக் கைச் சாப்பாட்டை இருபது வருடமாகச் சாப்பிடுகிறவர்.

அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.